எழுத்தைத் திருத்திய ஈரோட்டுக்காரர்



வீட்டில் தாத்தா காலத்துத் தமிழ்ப் புத்தகம் ஏதாவது இருந்தால் எடுத்துப் பிரித்துப் பாருங்கள். அதிலே 'லை', 'னை' என்ற எழுத்துகள், யானை துதிக்கையைத் தூக்கி நிற்பதுபோல, தலைக்கு மேலே ஒரு வளைவோடு இருக்கும். 'றா', 'னா' என்பவை துணைக்கால் இல்லாமல், கீழே சுழித்துக்கொண்டு ஒரே எழுத்தாக நிற்கும். இன்று ஒன்றாம் ஆண்டுப் பிள்ளை எழுதும் எழுத்து அப்படி இல்லை. இந்த மாற்றம் தானாக வந்ததா? இல்லை. அதற்கு முன்நின்றவர் பெரியார் ஈ. வெ. ராமசாமி.

1879 ஆம் ஆண்டு செப்டம்பர் 17 ஆம் நாள் ஈரோட்டில் பிறந்தார். தந்தை வெங்கட்ட நாயக்கர், தாயார் சின்னத்தாயம்மாள். வீட்டில் பேசிய மொழி கன்னடம். பள்ளிக்கூடம் போனது சில ஆண்டுகளே. அப்புறம் தந்தையின் மண்டிக் கடையில் வியாபாரம். பட்டம் ஒன்றும் இல்லாத அந்த மனிதர்தான் பின்னால் தமிழ் எழுத்தில் கை வைத்தார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஈரோட்டு நகரசபைத் தலைவராக இருந்தார். காங்கிரசில் சேர்ந்தார். கள் இறக்கக்கூடாது என்று ஊருக்குச் சொல்வதற்கு முன்னால், தம் சொந்தத் தோப்புத் தென்னைகளையே வெட்டிச் சாய்த்தார். 1924 இல் வைக்கத்தில், கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் எல்லாச் சாதியாரும் நடக்க வேண்டும் என்று போராடிச் சிறை சென்றார். அவர் மனைவி நாகம்மையாரும் அங்கே போராடினார்.

1925 மே மாதம் 'குடி அரசு' என்ற வார இதழைத் தொடங்கினார். அந்த ஆண்டே காங்கிரசை விட்டு விலகி, சுயமரியாதை இயக்கத்தை வளர்த்தார். மேடைப் பேச்சு ஓர் ஊரோடு நின்றுபோகும்; பத்திரிகை கடல் தாண்டிப் போகும் அல்லவா? மலாயாவுக்கும் வந்தது. பத்திரிகைக்குப் பின்னாலேயே அவரும் வந்தார். 1929 டிசம்பரில் நாகப்பட்டினத்தில் கப்பலேறி, நாகம்மையாரோடு நம் பினாங்கு துறைமுகத்தில் வந்து இறங்கினார். நம் முன்னோர் பலர் கூலிக் கப்பலில் வந்து இறங்கிய அதே துறைமுகம்தான்! வைதீகர்கள் எதிர்த்தார்கள், ஆனாலும் கூட்டம் திரண்டது. பினாங்கு, ஈப்போ, கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று பேசிக்கொண்டே போனார். சாதியை விடச் சொன்னார், படிக்கச் சொன்னார். அந்தப் பயணம் போட்ட விதையில் 1932 இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் முளைத்தது. 1935 இல் கோ. சாரங்கபாணியின் 'தமிழ் முரசு' வந்தது. 1954 டிசம்பரில் பர்மா போய்விட்டு, மறுபடியும் மலாயாவுக்கு வந்து தமிழரைச் சந்தித்தார்.

இனி எழுத்துக் கதைக்கு வருவோம். தமிழில் எழுத்துகள் 247. அச்சுக்கூடத்தில் ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்த காலம் அது. தனி உருவம் ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு வேண்டும். 'கா', 'சா' என்பவற்றுக்குத் துணைக்கால் போதும். 'ணா', 'றா', 'னா' மட்டும் வேறு உருவமா? 'கை', 'சை' என்பவற்றுக்கு முன்னால் கொம்பு போதும். 'ணை', 'லை', 'ளை', 'னை' மட்டும் துதிக்கை தூக்குவானேன்? இப்படி முறை தவறி நின்றவை, 'ணொ', 'ணோ' போன்ற ஆறையும் சேர்த்து, மொத்தம் 13. படிக்கிற பிள்ளைக்கும் சுமை, அச்சுக் கோப்பவருக்கும் சுமை.

1935 ஜனவரியில் 'குடி அரசு' இதழிலேயே புது எழுத்தை அச்சிடத் தொடங்கிவிட்டார். அரசாங்க உத்தரவுக்கோ பண்டிதர் சம்மதத்துக்கோ அவர் காத்திருக்கவில்லை. எழுத்தைத் தொட்டால் மொழி கெட்டுப்போகும் என்று பயந்தவர்கள் உண்டு. ஆனால் எழுத்து முன்பும் மாறியிருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர், எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேற்றுமை தெரியும்படி திருத்தினார். துருக்கி 1928 இல் அரபு எழுத்தை விட்டு லத்தீன் எழுத்துக்குப் போனது. நம் நாட்டிலும், ஜாவியில் எழுதிவந்த மலாய் மொழிக்கு ரூமியே அதிகாரப்பூர்வ எழுத்து என்று தேசிய மொழிச் சட்டம் வைத்தது. மொழி செத்தா போயிற்று? இல்லையே!

பெரியார் 1973 டிசம்பர் 24 ஆம் நாள் வேலூரில் காலமானார். ஐந்து ஆண்டு கழித்து, 1978 இல், எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்தபோது, தமிழ்நாட்டு அரசு அந்த 13 எழுத்து மாற்றத்தை ஏற்றது. பின்னர் நம் மலேசியப் பாடப் புத்தகங்களுக்கும் அது வந்தது. 'ஐ' எழுத்துக்கு 'அய்', 'ஔ' எழுத்துக்கு 'அவ்' என்று அவர் எழுதியதை மட்டும் அரசு ஏற்கவில்லை. தொடங்கியதற்கும் ஏற்றதற்கும் இடையே 43 ஆண்டுகள்! பலனைக் கண்ணால் பார்க்காமலே போனவர், கடைசிவரை தம் பத்திரிகையில் அதை விடவில்லை.

அவருடைய கடவுள் மறுப்பு நம்மில் பலருக்கு ஒத்துவராமல் இருக்கலாம். அது அவரவர் மனம். ஆனால் இன்று கோயிலில் தேவாரப் புத்தகத்தைப் பிரிப்பவரும் அவர் பரப்பிய எழுத்தில்தானே படிக்கிறார்!

பெற்றோர்களே, எழுத்து எளிதானதில் முதல் லாபம் யாருக்கு? வீட்டில் சொல்லிக் கொடுக்க ஆளில்லாத பிள்ளைக்குத்தான். விடியுமுன் பால்வெட்டப் போகும் தாய் தகப்பனுடைய பிள்ளைக்குத்தான். அவர்களுக்காகச் சுமையை ஒருவர் இறக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மிச்சம் நம் கையில் இருக்கிறது. பிள்ளையை ஒரு நாளும் தவறாமல் பள்ளிக்கு அனுப்புங்கள். இரவில் கால்மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து, படிக்கச் சொல்லிக் கேளுங்கள். உங்களுக்கு எழுத்து தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பிள்ளையிடமே கற்றுக்கொள்ளலாம்.

மாணவச் செல்வங்களே, பரிசு வாங்கியவர்களும் வாங்காதவர்களும் நாளைக் காலை நோட்டைத் திறந்து 'மலை' என்று ஒரு முறை எழுதிப் பாருங்கள். அந்த 'லை' எழுத்து உங்களுக்கு எளிதாக வருவதற்காக ஒருவர் ஏறத்தாழ நாற்பது ஆண்டு விடாப்பிடியாக நின்றார். அந்த விடாப்பிடி உங்களுக்கும் வரட்டும்!