பெயர்களைக் காத்த கற்பிட்டி மனிதர்

எங்கள் கடற்கரையில் பிறந்த சைமன் காசிச்செட்டி என்ற அறிஞரின் வாழ்க்கையை இங்கே எழுதுகிறேன். அவரைத் தேடி வாசிக்க என்னைத் தூண்டியது ஓர் அமெரிக்க நாடகம். அதனால் அந்த நாடகத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆதர் மில்லர் 1953 இல் மேடையேற்றிய அந்த நாடகத்தின் பெயர் ‘தி குருசிபிள்’. பொன்னை உருக்கும் மூசை என்பது அதன் பொருள். 1692 இல் அமெரிக்காவின் சேலம் என்ற ஊரில் உண்மையாகவே நடந்ததை அது சொல்கிறது. அங்கு வாழ்ந்தவர்கள் பியூரிட்டன் என்ற கண்டிப்பான கிறிஸ்தவப் பிரிவினர். அவ்வூர்ச் சிறுமியர் சிலர், தங்களுக்குச் சூனியம் வைக்கப்பட்டதாகக் கூறி ஒவ்வொருவராகப் பெயர் சொன்னார்கள். மற்றவர் கண்ணுக்குத் தெரியாத ஆவியுருவத்தைக் கண்டதாகச் சொன்னதைக்கூட நீதிமன்றம் சாட்சியமாக ஏற்றது. 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். ஒரு முதியவர் பாறாங்கற்களின் கீழ் நசுங்கி இறந்தார். குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள் தூக்கிலிருந்து தப்பினார்கள். பொய்யாக ஒப்புக்கொள்ள மறுத்தவர்களே மாண்டார்கள்.

நாடகத்தில் எல்லோருக்கும் தம் பெயரைப் பற்றியே கவலை. தம் பெயர் கெடும் என்று அஞ்சி, ஊர்ப் பாதிரியார் பிறர்மீது பழி விழ விடுகிறார். தீர்ப்பை மாற்றினால் மதிப்புக் குறையும் என்று நீதிபதி தூக்குத் தண்டனைகளைத் தொடர்கிறார். விவசாயியான ஜோன் புரொக்டர் உயிர்பிழைக்க ஒப்புதல் தாளில் கையெழுத்திடுகிறார். தம் பெயர் ஒரு பொய்க்குக் கீழே நிற்பதைப் பொறுக்காமல் அதைக் கிழித்தெறிந்து தூக்குமேடைக்குப் போகிறார். தன் பெயருக்காகப் பிறரைப் பலியிடுபவரும், தன் பெயருக்காகத் தன்னையே கொடுப்பவரும் அங்கே இருக்கிறார்கள். பிறருடைய பெயரைக் காப்பதையே வேலையாகக் கொண்ட ஒருவர் எங்காவது இருந்தாரா என்று யோசித்தேன். தேடியபோது, அவர் நம் மாவட்டத்திலேயே இருந்தார்.

சைமன் காசிச்செட்டி 1807 மார்ச் 21 இல் கற்பிட்டியில் பிறந்தார். ஒரு பக்கம் புத்தளம் களப்பு, மறுபக்கம் பெருங்கடல். நடுவே ஒல்லாந்தர் 1667 இல் கட்டிய கோட்டை. அவர் பிறந்தபோது அந்தக் கோட்டை ஆங்கிலேயர் கைக்கு மாறிப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. கத்தோலிக்கச் செட்டிக் குடும்பம். அக்கம்பக்கத்தில் சோனகர், முக்குவர், பரதவர், சிங்களவர், ஒல்லாந்த வழிவந்த பறங்கியர் என்று பலர். தமிழோடு ஆங்கிலம், சிங்களம், போர்த்துக்கேயம், ஒல்லாந்தம் ஆகிய மொழிகளையும் அவர் கற்றுக்கொண்டதில் வியப்பில்லை. இந்தக் கரையில் பிறந்த பிள்ளையின் காதில் அவை எல்லாம் விழுந்திருக்கும்.

இளவயதிலேயே அரச சேவையில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்த அவர், பின்னர் புத்தளத்தின் மணியகாரர் ஆனார். முதலியார் பட்டமும் கிடைத்தது. மணியகாரர் என்றால் ஆட்சியாளருக்கும் ஊர் மக்களுக்கும் இடையில் நிற்பவர். ஊரைப் பற்றி அவர் சொல்வதைத்தான் வெள்ளைக்கார அதிகாரி நம்புவார். அந்த இடத்தில் இருந்தவர் சொந்த இலாபத்தைத் தேடியிருக்கலாம். காசிச்செட்டியோ ஊர்களைப் பற்றிய தகவல்களைத் திரட்டினார். 1834 இல், தம் 27 ஆவது வயதில், ‘சிலோன் கசற்றியர்’ என்ற ஆங்கில நூலை வெளியிட்டார். கோட்டை என்ற ஊரின் திருச்சபை அச்சகத்தில் அது அச்சானது. இலங்கையின் ஊர்கள், ஆறுகள், மக்கள் குழுக்கள் பற்றிய விவரங்களை அகரவரிசையில் தரும் நூல் அது. ஆங்கிலேயர் கல்பெண்டைன் என்று எழுதிய நம் கற்பிட்டியும் அதில் உண்டு.

பரதவர் சமூகத்தின் வரலாறு பற்றி அவர் எழுதிய கட்டுரை 1837 இல் லண்டன் அரச ஆசியச் சங்கத்தின் இதழில் வந்தது. புத்தளத்து முக்குவரைப் பற்றியும் சோனகரைப் பற்றியும் எழுதினார். தம் சமயத்தையோ சாதியையோ சேராத மக்களைப் பற்றியும் தகவல் தேடி எழுதியவர் அவர்.

1838 இல் சட்டநிரூபண சபையில் தமிழர் சார்பான உறுப்பினராக நியமிக்கப்பட்டு, 1845 வரை அங்கே இருந்தார். பின்னர் சிலாபத்தில் மாவட்ட நீதிபதியானார். நீதிபதியின் இருக்கை, பிறர் பெயர் உயிரோடு இருப்பதா இல்லையா என்று முடிவு செய்யும் இடம். சேலத்து நீதிபதிகளும் அத்தகைய இருக்கையில்தான் இருந்தார்கள். சொல்பவர் தாமே கண்டாரா, கேட்டதைத் திருப்பிச் சொல்கிறாரா, அவர் சொல்வதற்கு வேறு ஆதாரம் உண்டா என்று கேட்பது அந்த இருக்கையின் கடமை. சேலத்தில் அந்தக் கேள்விகள் உரிய நேரத்தில் எழவில்லை.

காசிச்செட்டியின் பெரும்பணி அவரது வாழ்வின் கடைசியில் நிறைவேறியது. தமிழில் பாடல்கள் ஏராளமாக இருந்தன. பாடியவர்கள் யார், எங்கே பிறந்தார்கள் என்ற வரலாறோ சிதறிக் கிடந்தது. ஏடு செல்லரித்தால் பாட்டோடு பெயரும் போய்விடும். கிடைத்தவற்றைத் திரட்டி, ஏறத்தாழ 200 புலவர்களின் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதினார். 1859 இல் யாழ்ப்பாணத்தில் அச்சான அந்நூலுக்கு ‘தமிழ் புளூட்டாக்’ என்று பெயரிட்டார். கிரேக்க, ரோமப் பெரியோரின் வாழ்க்கைகளை எழுதிய பழைய கிரேக்க ஆசிரியர் புளூட்டாக்கை நினைத்து வைத்த பெயர் அது. எழுத்து வரிசையில் அமைந்த நூலில் அரசனுக்கென்று தனி ஆசனம் இல்லை. ஆதிவீரராம பாண்டியனும் ஒளவையாரும் அவரவர் எழுத்து வந்த இடத்தில் இருக்கிறார்கள்.

அதில் குறைகளும் உண்டு. செவிவழிக் கதைகள் பல கலந்திருந்தன. பின்வந்த ஆராய்ச்சியாளர் அவற்றைத் திருத்தினார்கள். ஆனால் திருத்துவதற்கு முதலில் ஒன்று எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்நூலைத் துணையாகக் கொண்டே ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை 1886 இல் ‘பாவலர் சரித்திர தீபகம்’ என்ற தமிழ் நூலைத் தந்தார். அதைப் பார்க்கும் பேறு காசிச்செட்டிக்குக் கிட்டவில்லை. தம் நூல் வெளிவந்த மறு ஆண்டே, 1860 இல், அவர் காலமானார்.

இவரது வாழ்க்கையை வாசித்தபோது என் மனதில் வந்து நின்றவள் எங்கள் கிராமத்துப் பிள்ளை ஒருத்தி. என்னைவிட ஒரு வகுப்பு மேலே படித்தாள், கணிதத்தில் கெட்டிக்காரி. ரியூசன் முடிந்து வரும் வழியில் அவளை யாரோடோ கண்டதாக ஒரு கதை கிளம்பியது. கண்டவர் யார் என்று எவருக்கும் தெரியாது. ஒருவர் மற்றவரிடம் கேட்டதாகவே சொன்னார்கள். ஒரு மாதத்துக்குள் அவளது படிப்பு நின்றது. அவளுடைய வாப்பா மகள்மீது சந்தேகப்படவில்லை. ஊர் வாயை மூட முடியாது என்று எங்கள் வீட்டுத் திண்ணையில் இருந்து அழுதார். அந்தப் பேச்சு ஆறு மாதத்தில் ஓய்ந்தது. அவளுடைய புத்தகங்கள் மட்டும் திரும்பத் திறக்கவில்லை.

சேலத்திலும் பின்னர் மனம் வருந்தினார்கள். 1711 இல் பலரது தண்டனைகளை நீக்கி, குடும்பங்களுக்கு நட்டஈடும் கொடுத்தார்கள். அதற்குள் 19 ஆண்டுகள் கடந்துவிட்டன. பெயரை ஒரு மாலைப்பொழுதில் கெடுத்துவிடலாம். திருப்பிக் கொடுக்க ஒரு தலைமுறை போதாது.

நல்ல பெயர் எடு என்று பெண்பிள்ளைகளான எங்களுக்கு ஓயாமல் சொல்கிறார்கள். அது நல்ல சொல்தான். ஆனால் என் பெயர் என் நடத்தையில் மட்டும் இல்லை. என்னைப் பற்றிப் பேசுகிறவர்களின் நாவிலும் இருக்கிறது. ஆகவே பெற்றோரிடம் ஒன்று கேட்கிறேன். எங்களைப் பற்றியோ வேறொரு வீட்டுப் பிள்ளையைப் பற்றியோ ஒரு கதை வாசலுக்கு வந்தால், கண்டவர் யார் என்று ஒருமுறை கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் கதை உங்கள் வாசலோடு நிற்கட்டும்.

தோழியரே, நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. கற்பிட்டியிலும் புத்தளத்திலும் தாலாட்டுக் கட்டிய, கதை சொன்ன, பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த பெண்கள் எத்தனையோ பேர். அவர்களின் பெயர்கள் எந்த நூலிலும் இல்லை. இந்த விடுமுறையில் ஆளுக்கு ஒருவரைத் தேடிப் போவோம். பெயர், பிறந்த ஊர், பாடிய பாட்டு, அதைச் சொன்னவர் யார் என்று கேட்டு எழுதுவோம். அடுத்த இதழில் அவற்றை அகரவரிசையில் சேர்த்துவிடலாம்.