நம் நாட்டு உயிரினங்களின் தோழர் மா. கிருஷ்ணன்

கங்காருவுக்கு வயிற்றில் பை உண்டு என்பது எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். நத்தைக்குத்தி நாரையின் அலகு ஏன் நடுவில் மூடாமல் இருக்கிறது என்று கேட்டால் ஒருத்திக்கும் தெரியாது. அந்த நாரையோ எங்கள் சிங்கப்பெருமாள் கோயிலுக்குத் தெற்கே, வேடந்தாங்கலில் கூடு கட்டும் பறவை! இந்த வெட்கம்தான் என்னை மா. கிருஷ்ணன் அவர்களின் வரலாற்றைத் தேடிப் படிக்கச் செய்தது.

அவர் 1912ஆம் ஆண்டு பிறந்தார். தந்தையார் 'பத்மாவதி சரித்திரம்' எழிதிய அ. மாதவையா. 1925இல் பல்கலைக்கழகப் பேரவையில் தமிழுக்காகப் பேசிய அன்றே தந்தையார் உயிர் நீத்தபோது கிருஷ்ணனுக்குப் பதின்மூன்று வயது. அக்காலத்து மயிலாப்பூர் புதர்க்காடாக இருந்தது, நரிகள்கூடத் திரிந்தன. சிறுவன் கிருஷ்ணன் கீரிப்பிள்ளை வளர்த்தான். (எங்கள் வீட்டில் பூனைக்கே அனுமதி இல்லை.)

சட்டம் படித்தும் வக்கீல் தொழிலில் அவர் மனம் நிலைக்கவில்லை. 1942இல் பல்லாரிக்கு அருகிலுள்ள சண்டூர் சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ஆசிரியர், நீதிபதி என்று பல பொறுப்புகள். ஓய்வு நேரமெல்லாம் காட்டில்தான். சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்தபின் சென்னை திரும்பி, எழுத்தையும் புகைப்படத்தையும் நம்பியே வாழ்ந்தார். பல கருவிகளின் உறுப்புகளை இணைத்துத் தாமே அமைத்த காமிராவால் யானைகளைக் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்தார். தமிழ்க் கலைக்களஞ்சியத்துக்கும் எழுதினார்.

வேடந்தாங்கல் பற்றியும் அவர் எழுதியுள்ளார். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாவதை அறிந்து, அவற்றைச் சுட விடாமல் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்கள் அவ்வூர் உழவர்களே. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டுப் பாதுகாப்பும் பெற்றார்கள்.

இந்த மண்ணின் மரமும் விலங்கும் இந்த மண்ணிலேயே வாழவேண்டும் என்பதில் கிருஷ்ணன் மிகவும் பிடிவாதமானவர். அயல்நாட்டு அழகு மரங்களை நடுவது அவருக்குப் பிடிக்காது. மடகாஸ்கரிலிருந்து வந்த மயில்கொன்றையைக்கூட அவர் விடவில்லை. இதில் மட்டும் எனக்கு அவரோடு சிறிது சண்டை உண்டு. மே மாதத்தில் அது பூப்பதைப் பார்த்தால் யாருக்குத்தான் கோபம் வரும்?

கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளேட்டில் 1950இல் அவர் தொடங்கிய இயற்கைக் கட்டுரைத் தொடர் நாற்பத்தாறு ஆண்டுகள் வந்தது. 1996 பிப்ரவரி 18ஆம் நாள் அவர் காலமானார். அவருடைய கடைசிக் கட்டுரை வெளியானதும் அன்றுதான்.

நத்தைகளைப் பற்றிக்கொள்ள உதவுவதற்காகவே நாரையின் அலகில் அந்த இடைவெளி என்கிறார்கள். வரும் ஜனவரியில் அப்பாவுடன் வேடந்தாங்கல் சென்று நேரில் பார்க்கப் போகிறேன்.