விபுலானந்த அடிகளும் பாலைத் திரிபும்

ஈழத்துக் காரைதீவில் 1892-ஆம் ஆண்டிற் பிறந்த மயில்வாகனனார், 1924-இல் துறவு பூண்டு விபுலானந்த அடிகளாயினர். 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்த அவர், வழக்கொழிந்த யாழின் இலக்கணத்தைச் சிலப்பதிகார ஆராய்ச்சியான் மீட்கப் புகுந்தனர்.

பாலை யென்பது ஈண்டு நிலத்தையன்று, ஏழ்நரம்பும் நிரம்பிய இசைநிரலையே குறிக்கும். செம்பாலையில் நரம்புகளை மாற்றாது, துத்தத்தைக் குரலாகக் கொள்ளின் படுமலைப்பாலை பிறக்கும். இங்ஙனமே ஏனைப் பாலைகளும் பிறக்கும். அரிகாம்போதியினின்றும் நடபைரவி தோன்றுதல் இம்முறையே. முதல் பெயரவே இடைவெளி வரிசையும் பெயரும். அதனாற் சுவையும் வேறாம். இதனைத் தெளியாக்கால் தேவாரப் பண்ணடைவு வெறும் பெயரளவாய் ஒழியும்.

உடல் நலிவையும் பொருட்படுத்தாது அடிகள் இயற்றிய யாழ்நூல், கரந்தைத் தமிழ்ச் சங்க வெளியீடாய், 1947 சூனில் சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. ஓடம் செலுத்துவாரின்றிக் காந்தார பஞ்சமப் பதிகம் பாடிச் சம்பந்தப்பெருமான் கரையேறிய தலம் அதுவாம். மறுதிங்களே, சூலை 19-இல், அடிகள் சிவபதம் எய்தினர்.

ஆதலின், திருமுறை ஓதுவார் பண்ணின் பெயரோடமையாது அதன் நரம்பு நிலையும் அறிதல், அடிகட்குச் செய்யுங் கைம்மாறாம்.