தோளில் ஒரு பை

நெடுந்தூரம் நடப்பவர் தோளில் எவ்வளவு சுமை இருக்கலாம்? உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மிகாமல் இருப்பது நலம் என்பது மலையேறுவோரின் பொதுவான கணக்கு. சுமையைக் குறைத்து நடக்கும் இக்கலையைத் தம் வாழ்க்கையாலேயே கற்பித்தவர் அண்ணல் காந்தியடிகள்.

1869ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் போர்பந்தரில் பிறந்த அவர், இளமை முதலே நடப்பதில் விருப்பமுள்ளவர். சட்டம் பயில இலண்டன் சென்றபோது, வண்டிச் செலவை மிச்சப்படுத்த நாள்தோறும் எட்டுப் பத்து மைல் நடந்தார். 1899இல் தென்னாப்பிரிக்காவில் போயர் போர் மூண்டபோது, இந்தியர்களைத் திரட்டி மருத்துவ உதவிப் படை அமைத்தார். காயமுற்றோரைச் சுமந்து சில நாள்களில் இருபது மைலுக்கு மேல் நடந்தது அப்படை. பிறர் பாரம் எத்தகையது என்பதை அவர் தோள் அன்றே அறிந்தது.

1930 மார்ச் 12ஆம் நாள், உப்புச் சட்டத்தை மீற, 78 தொண்டர்களுடன் சபர்மதி ஆசிரமத்திலிருந்து தண்டிக் கடற்கரை நோக்கிப் புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது 60. தூரம் ஏறத்தாழ 240 மைல். ஒவ்வொருவர் தோளிலும் ஒரு பை. படுக்கை, மாற்றுடை, நூல் நூற்கும் தக்ளி, நாட்குறிப்பு, தண்ணீர்க் குவளை ஆகியவையே அவர்களின் உடைமைகள். அவருக்காக ஒரு குதிரையும் உடன் வந்தது. ஆயினும் அவர் நடந்தே சென்றார்.

மார்ச் 29ஆம் நாள் பட்காம் என்னும் ஊரில் ஒரு காட்சி அவர் மனத்தை வருத்தியது. இரவு நடைக்கு வெளிச்சம் காட்ட, கனமான விளக்கு ஒன்றை ஏழைத் தொழிலாளி ஒருவர் தலையில் சுமந்து, விரட்டப்பட்டு ஓடி வந்தார். தொண்டர்களுக்காகச் சூரத்திலிருந்து மோட்டார் லாரியில் பால் வந்ததையும் அண்ணல் அறிந்தார். அன்று பொதுக்கூட்டத்திலேயே தம்மையும் தம் தோழர்களையும் கடிந்துகொண்டார். தம் பை இலேசாக இருந்து, பாரம் ஏழையின் தலையில் ஏறினால் அந்த எளிமையால் என்ன பயன்?

ஏப்ரல் 6ஆம் நாள் தண்டியில் உப்பு எடுத்தார். அதே மாதம் நம் இராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு 150 மைல் தொண்டர்களுடன் நடந்தார். 1947இல், தம் 77ஆம் வயதில், கலவரத்தால் புண்பட்ட நவகாளிக் கிராமங்களில் அண்ணல் வெறுங்காலுடன் நடந்தார். 1948 ஜனவரி 30ஆம் நாள் மறைந்தபோது அவருடைய உடைமைகள் மிகச் சிலவே.

அன்புத் தோழியரே! நம் புத்தகப் பை உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மிகக் கூடாது என்கிறது 2020ஆம் ஆண்டின் பள்ளிப் பைக் கொள்கை. 40 கிலோ எடையுள்ளவருக்கு 4 கிலோ! பை கனக்கிறதென்று அம்மாவின் தோளுக்கு மாற்றிவிட்டால் சுமை குறைந்துவிடாது. தேவையற்றதை எடுத்து வைப்பதே குறைப்பது. உப்பளங்களுக்குப் பெயர் பெற்ற கேளம்பாக்கத்தில், தலைச்சுமையாய் உப்பு சுமந்தவர்களின் உழைப்பை நாம் அறிவோம். நம் பையைக் கட்டும்போது, நம் பாரம் யார் தலையில் ஏறுகிறது என்றும் எண்ணிப் பார்ப்போமாக!