இருளைத் தேடிய வானியலாளர்

நிலவற்ற இரவில் கீழ்பென்னாத்தூர் வயல்வெளியில் நின்று வானை நோக்கினால் விண்மீன்கள் பல புலப்படும். அவற்றுள் மங்கலாகத் தெரியும் ஒன்று, அருகிலுள்ள சிறுசுடரா, தொலைவிலுள்ள பெருஞ்சுடரா என்பதை வெறுங்கண்ணால் அறிய இயலாது. இதனை அறியும் வழியொன்றை உலகிற்கு அளித்தவரும், கீழ்பென்னாத்தூருக்கு வடமேற்கே நீளும் சவ்வாது மலையில் வானாய்வகம் அமைத்தவருமான பெருமகனார் வைணு பாப்பு.

இளமையும் கல்வியும்

வைணு பாப்பு 1927ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் சென்னையில் பிறந்தார். அவர்தம் தந்தை ஐதராபாத்தின் நிசாமியா வானாய்வகத்தில் பணியாற்றினார். அதனால் தொலைநோக்கி அவருக்கு இளமையிலேயே உற்ற தோழனாயிற்று. 1949இல் அமெரிக்காவின் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராகச் சேர்ந்த அவர், அவ்வாண்டிலேயே புதிய வால்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். அது பாப்பு–பாக்–நியூகிர்க் என்னும் பெயரைப் பெற்றது.

ஒளி சொல்லும் செய்தி

விண்மீனின் ஒளியைப் பகுத்தால் நிறமாலை தோன்றும். குளிர்ந்த விண்மீன்களின் நிறமாலையில் கால்சியம் உண்டாக்கும் கருங்கோட்டின் நடுவே மெல்லிய ஒளிக்கோடு ஒன்று காணப்படும். விண்மீனின் இயல்பான ஒளித்திறன் மிகுதியானால் அவ்வொளிக்கோட்டின் அகலமும் மிகும். இவ்வுண்மையை வைணு பாப்பு, வில்சன் என்னும் அமெரிக்க அறிஞருடன் இணைந்து 1957இல் வெளியிட்டார். தொலைவு இருமடங்கானால் நமக்குத் தெரியும் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறையும். ஆதலால் இயல்பான ஒளித்திறனைத் தெரியும் ஒளியோடு ஒப்பிட்டு விண்மீனின் தொலைவைக் கணக்கிடலாம்.

காவலூரின் தோற்றம்

1960இல் அவர் கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநரானார். கதிரவனை ஆராய்வதில் புகழ்பெற்ற அவ்விடத்தில் இரவுவானை மேகங்கள் பலகாலம் மறைத்தன. ஆகவே தெளிந்த வானும் செறிந்த இருளும் வாய்ந்த இடத்தைத் தேடினார். சவ்வாது மலையிலுள்ள காவலூரைத் தேர்ந்தெடுத்தார். நிலநடுக்கோட்டிற்கு அருகில் இருப்பதால் வடவானையும் தென்வானின் பெரும்பகுதியையும் அங்கிருந்தே காணலாம். கொடைக்கானலில் உருவாக்கப்பட்ட 38 செ.மீ. தொலைநோக்கியுடன் 1960களின் இறுதியில் அங்குப் பணி தொடங்கியது. 1972இல் 102 செ.மீ. தொலைநோக்கி நிறுவப்பட்டது. 1977 மார்ச் 10 அன்று யுரேனசு கோள் ஒரு விண்மீனை மறைத்தபொழுது, அக்கோளைச் சூழ்ந்த வளையங்களின் சான்று காவலூரிலும் பதிவாயிற்று.

நிறைவேறிய கனவு

பெருந்தொலைநோக்கியை இந்தியரே வடிவமைத்து உருவாக்க வேண்டும் என்பது அவர்தம் உறுதி. பிறநாட்டிலிருந்து விலைக்கு வாங்கினால் கருவி மட்டுமே வந்துசேரும். அதனைச் செய்யும் திறன் வாராது என்பதை அவர் உணர்ந்திருந்தார். 234 செ.மீ. ஆடி கொண்ட தொலைநோக்கிக்கான பணியைத் தொடங்கினார். முந்தைய கருவியைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு ஒளியைத் திரட்ட வல்லது அது. 1979இல் பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் தலைவராகவும் அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆயினும் தம் கனவு நிறைவேறுவதைக் காணாமலே 1982 ஆகஸ்டு 19 அன்று செருமனியில் மறைந்தார்.

அவரிடம் பயின்றோரும் உடனுழைத்தோரும் அப்பணியைத் தொடர்ந்து முடித்தனர். 1986 சனவரி 6 அன்று அத்தொலைநோக்கிக்கும் காவலூர் வானாய்வகத்திற்கும் அவர் பெயர் சூட்டப்பட்டது. அவர் தேடிக் கண்ட இருளைத் தேவையற்ற விளக்கொளியிலிருந்து காப்பது, அம்மலையைச் சூழ்ந்து வாழும் மக்களின் கடமையாகும்.