யார் இந்த ஆபிரகாம் ரோஜேரியஸ்? பழவேற்காட்டு டச்சுப் போதகரின் கதை

பொன்னேரி பக்கம் பழவேற்காடு போனால், டச்சுக் கல்லறைகளைப் பார்த்துட்டு செல்ஃபியோடு திரும்பிடுவோம். ஆனால் ஐரோப்பாவில் கத்தோலிக்கர்களும் புராட்டஸ்டன்ட்களும் போட்ட சண்டை இந்த ஏரிக்கரை வரைக்கும் வந்திருக்கு.

கத்தோலிக்க ஸ்பெயின் மன்னரை எதிர்த்துக் கிளம்பியவர்கள் டச்சுக்காரர்கள். போர்ச்சுகலும் அப்போது அதே மன்னரின் கையில்தான். 1612-ல் சாந்தோம் போர்ச்சுகீசியர்கள் பழவேற்காட்டு டச்சுக்காரர்களைத் தாக்கினர். மறு வருஷமே ஜெல்ட்ரியா கோட்டை எழுந்தது.

1630-களின் தொடக்கத்தில் அங்கே போதகராக வந்தவர் ரோஜேரியஸ். ஜான் கால்வின் வழியைப் பின்பற்றிய திருச்சபைக்காரர். சுமார் 10 வருஷம் இங்கேயே இருந்தார். வேடிக்கை என்னன்னா, அவருக்குக் கைகொடுத்தது எதிரியின் மொழி! கடற்கரை ஊர்களில் வெளிநாட்டுக்காரர்களோடு பேச அன்றைக்குப் பொதுமொழி போர்ச்சுகீசியம்தான். அதில்தான் பத்மநாபன் என்ற பிராமணரிடம் சாதி, சடங்கு, கோயில், திருவிழா எனத் துருவித் துருவிக் கேட்டு எழுதினார். பர்த்ருஹரியின் சமஸ்கிருதப் பாடல்களும் இப்படியே டச்சு மொழிக்குப் போயின.

புத்தகத் தலைப்பு இந்து சமயத்தை அஞ்ஞானம் என்றே சொல்கிறது. உள்ளே கேட்டதைப் பெரும்பாலும் பொறுமையாகப் பதிவு செய்திருக்கிறார்.

1649-ல் நெதர்லாந்தில் இறந்தார். புத்தகம் லைடன் நகரில் அச்சானது 1651-ல்தான். பிறகு 1663-ல் ஜெர்மனிலும் 1670-ல் பிரெஞ்சிலும் வந்தது.