இராமானுஜன் வரைந்த விண்ணப்பம்

பிறரைப் பற்றி எழுதுதல் எளிது. தன்னைப் பற்றித் தானே எழுதுதல் அரிது. மிகுத்து எழுதின் தற்புகழ்ச்சியாம். குறைத்து எழுதின் கேட்பாரற்றுப் போம். மேற்படிப்பும் உதவித்தொகையும் வேண்டும் மாணவர்களைத் தம் வரலாற்றையும் நோக்கத்தையும் ஒரு கட்டுரையாக வரைந்து அனுப்புமாறு கல்லூரிகள் பல இக்காலத்துக் கேட்கின்றன. சென்ற கோடை விடுமுறையில் எம் ஊராகிய பனமலையில் யாமும் அத்தகைய கட்டுரையொன்றை எழுத அமர்ந்தோம். முதலாண்டில் ஒரு பாடத்தில் யாம் தவறியதுண்டு. அதனைக் கூறுவதா, மறைப்பதா என்னும் ஐயத்தில் மூன்று நாட்கள் கழிந்தன. தாள் வெறுந்தாளாகவே கிடந்தது. அவ்வமயம் எமக்கு வழிகாட்டியாய் நின்ற ஒருவரது வாழ்க்கையை ஈண்டுச் சுருங்க உரைக்கப் புகுகின்றோம்.

தமிழ் பயில்வார்க்கு இவ்விடத்து நன்னூல் நினைவிற்கு வரும். தன்னைப் புகழ்தல் தகாதென்று விலக்கிய பவணந்தியார், புலவனுக்கு நான்கிடங்களில் அதனை உடன்பட்டுள்ளார். அரசவைக்கு ஓலை விடுக்கும் பொழுதும், தன் ஆற்றலை அறியாதார் நடுவிலும், அவையில் வாதித்து வெல்ல வேண்டிய காலத்தும், எதிரி தன்னைப் பழித்த விடத்தும் அது தகும் என்பது அவர் கருத்து. இவற்றுள் முதலிரண்டும் ஒருங்கே பொருந்திய ஓலையொன்று 1913ஆம் ஆண்டு சென்னையினின்று கேம்பிரிட்ஜ் நகருக்குச் சென்றது. அதனை விடுத்தவர் கணித மேதை சீனிவாச இராமானுஜன்.

இவர் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தார். தந்தையார் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதும் குமாஸ்தா, அன்னையார் கோமளத்தம்மாள். நகர உயர்நிலைப் பள்ளியில் பயிலும் நாளில், கார் என்பார் தொகுத்த கணித நூலொன்று இவர் கைக்கு எட்டியது. ஏறத்தாழ ஐயாயிரம் முடிபுகளை நிரல்படக் கூறும் அந்நூல், அவற்றின் நிறுவல்களைப் பெரும்பாலும் விரித்துரைப்பதில்லை. அவற்றைத் தாமே நிறுவப் புகுந்த இளைஞர், பிற யாவற்றையும் மறந்தார். 1904ஆம் ஆண்டு பள்ளியில் கணிதப் பரிசு பெற்று வெளியேறி, உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசினர் கல்லூரி புகுந்தார். ஆயின் கணிதம் ஒழிந்த பாடங்களைப் புறக்கணித்தமையால் அவ்வுதவித்தொகையை இழந்தார். நாணம் மேலிட வீட்டை விட்டகன்று விசாகப்பட்டினம் வரை சென்றதும் உண்டு. பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தும், எஃப்.ஏ. தேர்விற் றேறினாரல்லர். 1909ஆம் ஆண்டு ஜானகி அம்மையாரை மணந்தார். பட்டமும் இல்லை, பணியும் இல்லை. இல்லறம் மட்டும் தோள்மேல் ஏறிற்று.

அடுத்த ஆண்டில் அவர் எம் பகுதிக்கு வந்தார் என்பதை எண்ணுந்தோறும் உள்ளம் உவக்கின்றது. அந்நாளில் செஞ்சியும் திருக்கோவலூரும் தென்னார்க்காடு ஜில்லாவைச் சேர்ந்தவை. இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவிய வே. இராமசாமி ஐயர் அப்பொழுது திருக்கோவலூரில் டிப்டி கலெக்டராய் இருந்தார். இராமானுஜன் தம் கணக்குக் குறிப்பேடுகளுடன் பெண்ணையாற்றங்கரையிலுள்ள அவ்வூரை அடைந்து, தாலுகா ஆபீஸில் ஒரு குமாஸ்தா வேலை கிடைத்தாலும் போதும் என்று வேண்டினார். ஏடுகளைப் புரட்டிய ஐயரோ, இத்தகைய அறிவை வருவாய்த்துறையின் கடைசிப் படியில் முடக்க மனம் ஒவ்வாதவராய்ச் சென்னை அன்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். வேலையை மறுத்த அச்செயலே பேருதவி ஆயிற்று. 1910ஆம் ஆண்டின் இறுதியில் நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவின் அறிமுகம் கிட்டிற்று; அவர் திங்கள்தோறும் 25 ரூபாய் அளித்து வந்தார். அவ்வுதவியிலேயே காலங் கழிக்க விரும்பாத இராமானுஜன், 1912ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சென்னைத் துறைமுக நிலையத்திற்கு விண்ணப்பம் விடுத்து, மார்ச் முதல் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தா ஆனார்.

அவ்விண்ணப்பத்தை நோக்குவோம். மெட்ரிகுலேஷன் தேறியதையும், எஃப்.ஏ. வரை பயின்றதையும், பாதகமான சில நிலைமைகளால் படிப்புத் தடைப்பட்டதையும், அது முதல் கணித ஆராய்ச்சியில் ஈடுபட்டிருப்பதையும் அதில் உரைத்தார். தவறினேன் என்று வெளிப்பட எழுதினாரல்லர். தேறினேன் என்று பொய்யும் எழுதினாரல்லர்.

துறைமுக நிலையத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும், மேலாளர் நாராயண ஐயரும் இவர்பால் அன்பு கொண்டனர். ஆயினும் இவர் கண்ட முடிபுகளை அளந்து மதிப்பிடத் தக்கார் ஈண்டு அரியராயினர். ஆதலின் இங்கிலாந்திலுள்ள கணிதப் பேராசிரியர்களுக்கு எழுதத் துணிந்தார். பேக்கர், ஹாப்சன் என்னும் இருவர்பால் பயன் விளைந்திலது. மூன்றாவதாக, 1913 ஜனவரி 16ஆம் நாள் ஹார்டிக்கு எழுதினார். தாம் துறைமுகக் கணக்குப் பிரிவில் ஆண்டுக்கு 20 பவுன் ஊதியம் பெறும் குமாஸ்தா என்றும், பல்கலைக்கழகக் கல்வி தமக்கு இல்லை என்றும், தாம் வறியர் என்றும் சில வரிகளிற் கூறினார். வயதை ஏறத்தாழ 23 என்றார். உண்மையில் 25 ஆகியிருந்தது. தம்மைப் பற்றிய உரை அவ்வளவே. பின்வந்த தாள்களெல்லாம் கணிதமே. நூற்றுக்கு மேற்பட்ட முடிபுகள், நிறுவலின்றி நிரலே நின்றன.

ஹார்டி முதலில் ஐயுற்றார். பின் தம் தோழர் லிட்டில்வுட்டுடன் அமர்ந்து ஆராய்ந்தார். சில முன்பே பிறர் கண்டவை. பகா எண்களைப் பற்றியது பிழையென்று பின்னர்த் தெரிந்தது. சிலவோ எவரும் கண்டிராதவை. அவை மெய்யாகவே இருத்தல் வேண்டும், பொய்யாகப் புனைய எவராலும் இயலாது எனத் தெளிந்த ஹார்டி, நிறுவல்களைக் கேட்டு பிப்ரவரி 8ஆம் நாள் விடையெழுதினார். அவ்வாண்டு மே முதல் சென்னைப் பல்கலைக்கழகம் திங்களுக்கு 75 ரூபாய் ஆராய்ச்சி உதவி அளித்தது. 1914 மார்ச் 17ஆம் நாள் இராமானுஜன் கப்பலேறினார். 1916இல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சிப் பட்டமும், 1918இல் ராயல் சங்க உறுப்பினர் பதவியும், டிரினிட்டிக் கல்லூரி ஆய்வுறுப்பினர் பதவியும் எய்தினார். ஆயின் போர்க்காலத்து உணவுத் தட்டுப்பாடும், குளிரும், தனிமையும், நோயும் உடலை வாட்டின. 1919இல் தாயகம் மீண்டு, 1920 ஏப்ரல் 26ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் தம் 32ஆம் வயதில் மறைந்தார். நோய்ப்படுக்கையிலும் அவர் எழுதிய தாள்கள் 1976இல் கேம்பிரிட்ஜில் கண்டெடுக்கப்பட்டு இன்றும் ஆராயப்படுகின்றன.

எம் ஊர்க் குன்றின்மேல் இராஜசிம்ம பல்லவன் எடுப்பித்த தாளகிரீசுவரர் கோயில் உள்ளது. அதன் அடித்தளக் கல்லில் பல்லவர் குலப் பெருமை வடமொழியிற் பொறிக்கப்பட்டுள்ளது. ஒரு மாலை அங்கமர்ந்து சிந்தித்தோம். வேந்தர் தம் புகழைக் கல்லில் வெட்டுவித்தனர். குமாஸ்தா தம் நிலையைச் சில வரிகளிற் கூறித் தம் வேலையை முன்வைத்தார். அக்கோயிலைக் காணும் பொழுதும் எம் கண் முதலிற் செல்வது கல்லெழுத்தின் பால் அன்று, கட்டடத்தின் பாலன்றோ!

ஒன்று மறத்தலாகாது. இராமானுஜனைப் போன்ற ஆற்றல் எமக்கில்லை; அவர் ஓலைக்கும் இருவர் செவிசாய்த்திலர். நன்கு எழுதினால் வாயில் திறக்கும் என்று அவர் வாழ்க்கை உறுதி கூறவில்லை. மெய்யாகச் செய்த வேலை ஒன்று கையில் இருந்தாலன்றி எழுத்து நில்லாது என்பதையே அது கூறுகின்றது.

அன்றிரவு யாம் எழுதினோம். தவறிய பாடத்தை ஒரே வரியில், காரணம் கற்பியாது, குறிப்பிட்டோம். எஞ்சிய இடத்தில், எம் ஊர் முதியோர்பால் ஈராண்டாகக் கேட்டுத் தொகுத்து வரும் வேளாண்மைச் சொற்களைப் பற்றி எழுதினோம். ஓலை சென்றுள்ளது; விடை இன்னும் வந்திலது. தொகுப்பு மட்டும் நிற்கவில்லை.